மகதலேனாவின் இன்னொரு சட்டைக்கை

அக்டோபர் 19

யோரிஸின் தங்கை பெர்த்தா வந்தாள். "அண்ணி, அண்ணன் போய் ஒரு கோடையே முடிஞ்சிருச்சு. அந்தத் துணியெல்லாம் இன்னும் எதுக்கு? யாராச்சும் குளிருக்குப் போட்டுக்கட்டுமே." பிறகு என்னையே பார்த்தாள். "உங்க நீலக் கம்பளிச் சட்டை எங்க? இப்படி நடுங்குறீங்க?"

தொலைந்துவிட்டது என்றேன். பொய்.

அக்டோபர் 20

ஒன்றும் கொடுக்கவில்லை. அலமாரியைத் திறக்கவே இல்லை.

அக்டோபர் 26

மியூசியத்தில் எங்கள் படம், நானும் யோரிஸும் எப்போதும் போய்ப் பார்க்கும் அந்த ஓவியம், இன்னும் வரவில்லை. சுத்தம் பண்ணக் கொண்டுபோனது. சுவரில் வெறும் ஆணி.

காவலர் பாவோ, "அடுத்த மாசம் வந்துரும்மா. ஐயா வரலையா?" என்றார். அவர் இறந்துபோனதைச் சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டார்.

படத்தில், சிலுவையிலிருந்து இறக்கிக் கிடத்திய இயேசு. பக்கத்தில் சிவப்பு கவுனில் மகதலேனா. ஒரு தோளில் சட்டைக்கை இருக்கிறது, மறு தோளில் இல்லை. உள்சட்டைதான் தெரியும். அங்கே ஒரு ஊசி மட்டும் நிற்கிறது. அந்தக் காலத்தில் சட்டைக்கையைத் தனியாகத் தைத்து ஊசி குத்தி மாட்டிக்கொள்வார்களாம்.

"வரைஞ்சவன் மறந்துட்டான்டி. பசி வேளை" என்பார் யோரிஸ்.

"ஊசிய மறக்கலையாக்கும்? சாவு சேதி கேட்டு பாதி மாட்டினபடியே ஓடி வந்துட்டா" என்பேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து இதே சண்டை. வெளியே வந்து ரெண்டு பேருக்குமாக ஒரே பெரிய பொட்டலமாக உருளைக்கிழங்கு வறுவல் வாங்கித் தின்னும்போதும் ஓயாது. ஆஸ்பத்திரியில்கூட என் பேரைச் சொல்லிக் கேட்டார், "படம் வந்துச்சா நெல்லே?"

நவம்பர் 2

கல்லறைக்குச் செவ்வந்தி வைத்தேன். மழை. மண்ணுக்குள்ள குளிருதா உங்களுக்கு? என்ன கேள்வி இது. ஒரே ஒரு தடவை "வாடி, போலாம்"னு கேட்டா போதும் எனக்கு.

நவம்பர் 9

வந்துவிட்டது! யாரோ ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி வெளிச்சம். இயேசுவின் தலைக்கடியில் கல் என்று நாங்கள் நினைத்திருந்த கறுப்புத் திட்டு — கல் இல்லை. சிவப்புத் துணி. மடித்து வைத்தது.

"அழுக்கு போனதும்தான் தெரிஞ்சுதாம்" என்றார் பாவோ. "அவளோட சட்டைக்கைதாம்மா அது. தலைக்கு வைக்கக் கழட்டியிருக்கா."

ரெண்டு பேருமே தோத்துட்டோம் யோரிஸ் — சொல்லத் திரும்பிவிட்டேன். பக்கத்தில் யாரும் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்குச் சவப்பெட்டியை மூடுமுன், மூட வந்த ஆள் என்னை அவரோடு தனியே விட்டு வெளியே போய் நின்றான். பெட்டிக்குள் இருந்த தலையணை அட்டை மாதிரி இருந்தது. நீலச் சட்டையைக் கழற்றி, மடித்து, அவர் தலைக்கடியில் வைத்தேன். செத்தவருக்கு எதுக்கு மெத்தை என்று சிரிப்பார்களோ என்று யாரிடமும் சொல்லவில்லை. அவளும் அதைத்தானே செய்திருக்கிறாள்.

நவம்பர் 10

சட்டை எங்கே என்று பெர்த்தாவிடம் சொன்னேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "அண்ணனுக்கு நீலம் பிடிக்கவே பிடிக்காதே அண்ணி" என்றாள். சிரித்துவிட்டோம். அலமாரியைத் திறந்துவிட்டேன்.

நவம்பர் 16

அவருடைய பழுப்புக் கோட்டு மட்டும் எனக்கு. கை நீளம். மடித்து ஊசி குத்திக்கொண்டு மியூசியம் போனேன்.

வெளியே வறுவல் கடையில் நின்றேன். பெரிசா, சின்னதா என்று கேட்டாள் கடைக்காரி.

சின்னது என்றேன்.