ஆயிரத்து இருபதும் சரி

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் சொல்ல வேண்டியது ஒரு தேதியைப் பற்றித்தான். நலம் விசாரிப்பதை எல்லாம் பிறகு வைத்துக்கொண்டு அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நீ கேட்ட சதுரங்கக் கோப்புகள் போன வாரமே இறங்கி முடிந்துவிட்டன. பலகையில் ஆறு காய்களோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால், வெற்றியா சமனா என்று தப்பே இல்லாமல் சொல்லும் கோப்புகள். மொத்தம் ஆயிரத்து இருபது. பதினோரு நாள் பிடித்தது. நான் வேலை பார்க்கும் நகல் கடையின் மூலையில் கிடக்கும் பழைய கணினியில்தான் இறக்கினேன். கடைக்காரர் தினமும் எட்டிப் பார்த்து, "ஏம்மா, உலகத்துல இருக்கற சினிமா எல்லாம் இதுக்குள்ள இறங்குதா?" என்பார். சதுரங்கம் என்று சொன்னேன். "பலகையே ஒரு முழம் இருக்காது, அதுக்கா இவ்வளவு இடம்?" என்று கேட்டதோடு விடாமல், நகல் எடுக்க வந்தவர்களிடமும் அதையே சொல்லிச் சிரித்தார். நான் காகிதக் கட்டு அடுக்குவதுபோல் குனிந்துகொண்டேன். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருடம் ஆகிறது. எழுந்து நின்று படிக்கச் சொன்னால் குனிந்துகொள்கிற அந்தப் பழக்கம் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

இறக்கியதோடு விட்டுவிடாதே, ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகைபோல ஒரு நீள எண் உண்டு, அதைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார் என்று எழுதியிருந்தாய். அப்படியே செய்தேன். மூன்று மணி நேரம் ஓடியது. ஆயிரத்து இருபதும் சரி என்று வந்தது. கடையில் யாரும் இல்லாததால் நானே எனக்குக் கை தட்டிக்கொண்டேன்.

கோப்புகளை உனக்கு அனுப்ப வாங்கிய பெரிய வட்டைத் துணியில் சுற்றும்போதுதான் திரையில் அந்தத் தேதியைப் பார்த்தேன். பட்டியல் உருவான நாள் போன புதன்கிழமை என்றிருந்தது. அந்தக் கோப்புகளைச் செய்தவர்கள் பட்டியலையும் பல வருடங்களுக்கு முன்பே போட்டிருப்பார்களே, அது எப்படிப் புதன்கிழமை ஆகும்? யோசித்தபோதுதான் புரிந்தது. என்னிடம் இருந்த கோப்புகளிலிருந்தே பட்டியலை எடுத்து, அதே கோப்புகளை அதே பட்டியலோடு ஒப்பிட்டிருக்கிறேன். நானே கேள்வி கேட்டு, நானே பதில் எழுதி, நானே மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். சரி என்று வராமல் என்ன செய்யும்?

அவர்கள் போட்ட பட்டியலைத் தேடி எடுத்து மறுபடி ஓட்டினேன். ஆயிரத்துப் பத்தொன்பது சரி. ஒன்று தவறு. இறக்கும்போது நடுவில் கரண்ட் போய் வந்தது, அதில் கெட்டிருக்க வேண்டும். எது என்று நினைக்கிறாய்? இரண்டு பக்கமும் ராஜா, யானை, ஒரு சிப்பாய். நம் ஆட்டம்.

நீ தீவு வானிலை நிலையத்துக்குக் கிளம்பிய அன்று, வண்டி வந்துவிட்டது என்று பாதியில் விட்டாயே, அந்த ஆட்டம் பீரோவின் மேல் இன்னும் நிற்கிறது. பதினைந்து நாளுக்கு ஒரு படகு, படகுக்கு ஒரு காய் நகர்த்தல் என்று கடிதத்திலேயே ஆடுகிறோம். அப்பா உன் கடிதம் வந்ததா என்று கேட்பதே இல்லை. வேனை நிறுத்திவிட்டு உள்ளே வரும்போதே, "அவ காய் வந்துடுச்சா?" என்றுதான் கேட்பார்.

ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கோப்பை அன்றே நான் திரும்ப இறக்கவில்லை. கெட்டே இருக்கட்டும் என்று ஒரு நாள் முழுக்க விட்டு வைத்தேன். அது சரியாக உன் கைக்கு வந்தால் நம் ஆட்டம் எப்படி முடியும் என்பது ஒரு நொடியில் தெரிந்துபோகும். சமன் என்று அது சொல்லிவிட்டால் அதற்கு மேல் ஆட என்ன இருக்கிறது? காய் போகாவிட்டால் கடிதம் எதற்கு? கோப்பு விஷயத்தை விட்டால் உன் கடிதம் இப்போதெல்லாம் நான்கு வரிதான் அக்கா. மூன்று வரியில் காற்று, மழை, அளவுக் கருவிகள். நான்காவது வரியில் காய். அந்த நான்காவது வரிக்காகத்தான் முதல் மூன்றும் வருகின்றன என்று எனக்கு ஒரு பயம்.

மறுநாள் காலையில் மனசு கேட்கவில்லை. அந்த வானிலை நிலையத்தில் உன்னோடு ஆட இருப்பது ஜெனரேட்டர்காரர் ஒருவர்தான். அவரும் தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் டீ போடப் போய்விடுவார் என்று முன்பு எழுதியிருந்தாய். அங்கே நீ தனியாக உட்கார்ந்து இதை நம்பி யோசிப்பாய். கெட்ட கோப்பை நம்பி நீ ஒரு காய் நகர்த்தினால், அது நான் உன்னிடம் சொன்ன பொய்.

திரும்ப இறக்கினேன். இந்த முறை இயந்திரத்தை மட்டும் நம்பாமல், திரையில் அளவுகோலை வைத்து அந்த நீள எண்ணை எழுத்து எழுத்தாக வாய்விட்டுப் படித்தேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்து, "இத்தனை நாளா உனக்குக் குரல் இருக்குன்னே தெரியாதும்மா" என்றார். பிறகு ஒரு டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கோப்பைப் பெரிய வட்டில் மாற்றி எழுதியபின் இன்னொரு முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது உண்மையாகவே ஆயிரத்து இருபதும் சரி. தைரியமாக வைத்துக்கொள்.

வீட்டைப் பற்றி. இங்கே எல்லாம் சரி என்று இதுவரை பதினான்கு கடிதங்களில் எழுதியிருக்கிறேன். அதையும் நானேதான் சரிபார்த்தேன்.

அப்பா சாப்பிட்டதும் படுத்துவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, முதுகு வலி. அதன் பிறகு வீட்டில் சத்தம் போடுவது குழாய் ஒன்றுதான். உன் கட்டிலில் இப்போது துவைத்த துணி கிடக்கிறது, மடிக்காமலே. மடித்து வைத்துவிட்டால் கட்டில் காலியாகத் தெரிகிறது. சாயங்காலம் பலகையைக் கீழே இறக்கி, நீ உட்காரும் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என் காய்களைப் பார்ப்பேன். அங்கிருந்து பார்த்தால் நான் நன்றாக ஆடுகிற ஆள்போலத் தெரிகிறேன்.

இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், நீ என்ன சொல்கிறாய் என்று போன கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தாய். உன் இஷ்டம் என்று எழுதினேன். தொட்ட காயைத் திருப்பி வைக்கக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். இதுவரை ஒரு தடவைகூட நான் மீறியதில்லை. இந்த ஒன்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் அக்கா.

படகுத்துறையில் தபால் வாங்கும் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டுதான் இந்தக் கடைசிப் பக்கத்தை எழுதுகிறேன். உள்ளே இருப்பவர், "சீக்கிரம் ஒட்டும்மா, படகு உனக்காக நிக்காது" என்கிறார். "இன்னும் ரெண்டு வரி இருக்கு சார், கொஞ்சம் பொறுங்க" என்று சொன்னேன். நானேதான் சொன்னேன். பொறுத்திருக்கிறார்.

அங்கே காற்று பலமாக அடிக்கும் நாட்களில் ஏணியில் ஏறாதே. உடம்பைப் பார்த்துக்கொள். அவர்கள் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை ஒரு முறை படி.

உன் அன்புத் தங்கை

பி.கு.: நம் ஆட்டத்தின் நிலையைக் கோப்பிடம் நான் கேட்டுப் பார்க்கவில்லை. இன்று காலை யானையை ஏழாம் வரிசைக்கு நகர்த்தினேன்.