தட்டில் ஒரே ஒரு மாத்திரை

அன்புள்ள கணவருக்கு,

நான் தேர்வாய் கண்டிகைக்குக் காலைப் பணிக்குச் செல்கிறேன். உப்புக் குறைத்த கத்தரிக்காய்க் குழம்பு அடுப்பின்மேல் உள்ளது.

இரத்த அழுத்த மாத்திரை ஒன்றைத் தட்டில் வைத்துள்ளேன். மீதி அட்டை என் பையில் இருக்கிறது. கம்பெனி வாசலில் பரிசோதிக்கும்போது அழுத்தம் அதிகமாகக் காட்டினால் கூரை வேலைக்கு ஏற்றமாட்டார்கள் என்று நீங்கள் இரண்டாக விழுங்குவதை நான் அறிவேன். நேற்று மாலை கட்டிலிலிருந்து எழுந்தவுடன் தலை சுற்றிச் சுவரைப் பிடித்தீர்கள். கூரையின்மேல் பிடிப்பதற்குச் சுவர் இல்லை.

மருத்துவமனைச் செவிலியரிடம் விசாரித்தேன். மூட்டு வலிக்கு நீங்களாகவே கடையில் வாங்கும் மாத்திரைதான் அழுத்தத்தை ஏற்றுகிறதாம். ஆகவே அதையும் எடுத்துக்கொண்டேன்.

“நாலு எயுத்து கத்துக்கினு எனக்கே டாக்டர் ஆயிட்டியா?” என்று நேற்றிரவு கேட்டீர்கள். ஆகவில்லை. ஆயினும் மருத்துவமனைச் சீட்டில் “நாளுக்கு ஒன்று” என்று இருப்பதை நான் பிழையின்றி வாசித்தேன்.

இப்படிக்கு,
சின்னப்பொண்ணு

பின்குறிப்பு: மூட்டுக்குத் தைலம் அலமாரியில் உள்ளது.

மற்றொன்று: உங்கள் மேற்பார்வையாளர் பீட்டரிடம் தொலைபேசியில் அனைத்தையும் கூறிவிட்டேன். “அண்ணனை இன்னிக்கி மேல ஏத்தல அக்கா, கீயவே வெச்சிக்கிறேன்” என்றார். உங்களுக்குக் கடுங்கோபம் வரும். என்னைத் திட்டுவதற்காகவாவது மாலையில் வீடு வந்து சேருங்கள்.