அருவிக்குப் போனவனின் அட்டை

1963 ஜூன் 3

மூன்று நாள் கலந்தாலோசனைக்குப் பிறகு, மில்லின் வருகைப் பதிவேட்டில் இனி நீல மைக்குப் பதில் கறுப்பு மை என்று முடிவாயிற்று. மானேஜர் எழுந்து நின்று கையெழுத்திட்டார். பதிவேட்டுக் குமாஸ்தா என்ற முறையில் நானும் எழுந்து நின்றேன்.

ஜூன் 19

சாரல் விழுந்துவிட்டது. நூற்புப் பிரிவு உச்சிமாகாளி வழக்கம்போல் குற்றாலத்துக்குக் கிளம்பிவிட்டான். சீசன் முழுக்க அருவிக்கரையில் வருகிறவர்களுக்கு எண்ணெய் தேய்ப்பான். ஆவணியில் திரும்பி வந்து புது ஆளாகச் சேருவான். நான் பழைய பெயரை அடித்து, புது எண் கொடுப்பேன். எட்டு வருஷமாக இப்படித்தான்.

ஆனால் இப்போது காப்பீட்டு அட்டை வந்திருக்கிறது. வேலையில் இடைவெளி விழுந்தால் அது செல்லாது, லீவு லெட்டர் கொடுத்துவிட்டுப் போ என்றேன்.

"அருவிக்குப் போக எவனாச்சும் லெட்டர் எழுதுவானா அண்ணாச்சி? மானேஜர் சிரிச்சிருவாருல்லா!"

அவனும் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, நிற்க வெகுநேரம் ஆயிற்று. பஞ்சுத் தூசியாம்.

ஜூன் 29

லீவு லெட்டர் இல்லாமல் பத்து நாள் முடிந்தது. விதிப்படி பெயரை அடித்தேன். கறுப்பு மை தெளிவாக விழுகிறது.

ஆகஸ்ட் 21

உச்சிமாகாளி வந்தான். பாதி ஆள்தான் வந்திருக்கிறான். எண் 398.

செப்டம்பர் 5

எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் நிழல். காசம். பழைய அட்டை இருந்திருந்தால் ஊசியும் ஆஸ்பத்திரிப் படுக்கையும் கிடைத்திருக்கும். புது அட்டைக்கு ஒன்பது மாதம் பொறுக்க வேண்டுமாம்.

அவன் மனைவி குருவம்மாள் மில் வாசலில் நின்றாள்.

"ஒரு கோடுதான போட்டிய? அதை அழிச்சிரக் கூடாதா அண்ணாச்சி?"

பதிவேட்டில் எதையும் அழிப்பது குற்றம் என்று விளக்கினேன். நன்றாகவே விளக்கினேன். தலையாட்டிவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 6

அந்த லெட்டரை நானே எழுதி, அவன் கையெழுத்தை மட்டும் வாங்கியிருக்கலாம். ரெண்டு வரி. தெனமும் எத்தனை வரி எழுதுதேன்? ஏன் எழுதல — ஏன்லே எழுதல?

அக்டோபர் 14

அவனுக்காகக் காப்பீட்டு ஆபீசுக்கு நான் அனுப்பிய நான்கு பக்க மனு திரும்பி வந்தது. லீவு லெட்டரின் நகலை இணைக்க வேண்டுமாம்.

நவம்பர் 2

வேலைக்கு வருவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்குப் போனேன். "ஆவணிக்கு வந்துருதேன் அண்ணாச்சி" என்றான். இது ஐப்பசி.

டிசம்பர் 2

சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்து, இதுவரை அடிக்காமல் வைத்திருந்த உச்சிமாகாளியின் பெயரை அடித்தேன்.

1964 ஜனவரி 6

குருவம்மாள் இன்று காலை ஷிப்டில் சேர்ந்தாள். எண் 431.