அடியில் தாங்கும் தசை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்கும் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். அப்பா குழாயைச் சரிபண்ணுகிறேன் என்று இறங்கி, கீழ்வீட்டுக்காரர்களுக்கும் தண்ணீர் வராமல் செய்துவிட்டார், அது தனிக் கதை.

பிரசவத்துக்கு வா என்று நீ கூப்பிட்டதும், நான் ஏதேதோ சாக்குச் சொன்னதும், "அம்மாவுக்கு என்னைவிட லாண்டரி வேலைதான் பெருசு" என்று நீ அப்பாவிடம் அழுததும் எனக்குத் தெரியும். காரணம் வேலை இல்லையடி. உன்னைப் பெற்றதிலிருந்தே தும்மினால், சிரித்தால், ஈரத்துணிக் கூடையைத் தூக்கினால் எனக்குச் சிறுநீர் கசிந்துவிடும். அவ்வளவு நேரம் விமானத்தில் எப்படி உட்காருவேன்? பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் சகஜம் என்று யாரிடமும் வாய் திறக்கவில்லை. நீ கூப்பிட்ட மறுவாரமே முதுகு பிடித்துக்கொண்டது. பிசியோதெரபி பெண்ணிடம் போனால், முதுகைத் தொட்டுப் பார்த்துவிட்டு அவளே கேட்டாள், "இருமினா கசியுதாம்மா?" எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஒரு இடுப்பெலும்பு பொம்மையை எடுத்து என் மடியில் வைத்தாள். அடியே இல்லாத சட்டி மாதிரி இருந்தது. முன்னெலும்பிலிருந்து வாலெலும்பு வரை தூளி கட்டியதுபோல் தசைகள் இருக்கின்றனவாம், சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் எல்லாவற்றையும் அவைதான் தாங்குகின்றனவாம். பிள்ளையின் தலை வரும்போது தன் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு விரிந்து வழிவிடுமாம், நம்ப முடிகிறதா? முதுகெலும்பில் தொடங்கி இடுப்புக்குள் புகுந்து தொடை வரை போகிற இன்னொரு தசை காலைத் தூக்குகிறது, பிட்டத்துத் தசை நாற்காலியிலிருந்து நம்மை எழுப்புகிறது. நான் பாட்டுக்கு எழுந்தேன், நடந்தேன், கூடை தூக்கினேன், உள்ளே இத்தனை பேர் வேலை பார்ப்பது தெரியாமலே!

பிறகு அடிவயிற்றில் ஸ்கேன் கருவியை வைத்து, "மூச்ச விட்டுக்கிட்டே, ஒண்ணுக்க அடக்குற மாதிரி உள்ளுக்குள்ள மேல தூக்குங்க" என்றாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு முக்கினேன். "புருவத்தத் தூக்கச் சொல்லலம்மா" என்று சிரித்தாள். மறுபடி செய்தபோது திரையில் ஒரு வெள்ளைக் கோடு மெல்ல எழும்பி இறங்கியது. செத்துப்போச்சு என்று நான் நினைத்த அந்தத் தூளித் தசை உயிரோடு இருந்தது. நீ என் வயிற்றில் சுருண்டு படுத்திருந்தபோது உன்னையும் சேர்த்துத் தாங்கியது அதுதானே. அதையே பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

இந்த நாலைந்து மாதமாக அந்தப் பயிற்சியை ஒரு நாள் விடாமல் செய்கிறேன். நேற்று லாண்டரியில் இஸ்திரி அக்கா மேனேஜரைப்போல் நடந்து காட்டினாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான் பாத்ரூமுக்கு ஓடவில்லை. வயிறு வலிக்கும்வரை அங்கேயே நின்று சிரித்தேன்.

நீ கனமானது எதையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்காதே. இந்தத் தசையைப் பற்றி உன் டாக்டரிடம் இப்போதே கேள், கூச்சப்படாதே, மறந்துவிடாதே. குட்டி நல்லபடியாகப் பிறந்து, நீயும் அதுவும் பல்லாண்டு சுகமாக இருக்க வேண்டும். அப்பா பரணிலிருந்து பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் நான் வருகிறேனடி.

உன்னைப் பெற்ற
அம்மா