வளையலுக்கு மேல் சுற்றிய டேப்

இன்று கம்பெனி லைனில் புது டேப் உருளையைப் பிரித்ததும் அந்தப் பசை வாடை குப்பென்று ஏறியது. உடனே உன் மணிக்கட்டுதான் கண்ணுக்குள் வந்தது. வண்டிகளுக்குப் போகும் வயர்க்கட்டுகளை ஒரே மேசையில் எதிரெதிரே நின்று சுற்றியவர்கள் நாம். பிள்ளை பெறப் போன நீ திரும்பி வரவேயில்லை. உன் இடத்தில் இப்போது வேறொருத்தி நிற்கிறாள். நான் வயிற்றைத் தள்ளிக்கொண்டு அவளுக்கு எதிரே நிற்கிறேன்.

எனக்கும் அதே வந்துவிட்டது, தெரியுமா? கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போகின்றன. விடியும்போது கை முழுக்க ஊசி ஊசியாய்க் குத்துகிறது. உனக்கும் இப்படித்தானே தொடங்கியது! அடுத்தது நான்தானா என்று யாரிடம் போய்க் கேட்பேன்?

டாக்டரம்மாவிடம் கேட்டேவிட்டேன். "உன் சிநேகிதி போனது ரத்தப்போக்குல. அதுக்கும் கை மரத்ததுக்கும் சம்பந்தமில்லம்மா. மாசமா இருக்கையில நீர் கோத்து மணிக்கட்டுல நரம்பை அழுத்துது. பிள்ளை பிறந்தா பெரும்பாலும் சரியாயிடும்" என்றார். பிரஷரும் பார்த்தார். மணிக்கட்டு மடங்காமல் இருக்க ஒரு பட்டை கொடுத்து, தூங்கும்போது கட்டச் சொன்னார். வேலைக்கு நடுவே கைக்கு ஓய்வு கொடு, படுக்கையில் தலையணை மேல் உயர்த்தி வை, தலைவலியோ முகவீக்கமோ வந்தால் உடனே ஓடி வா என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மனசு கேட்டால்தானே!

பட்டையும் கையில் ஏறவில்லை. வளைகாப்பில் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் வீங்கிய மணிக்கட்டை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன.

உன் கூத்தை மறப்பேனா? கர்நாடக எல்லையோரம் உன் ஊரான தளியில் வளைகாப்பு முடித்து, கை நிறைய வளையலோடு வேலைக்கு வந்தாய். லைனில் கண்ணாடி வளையல் கூடாது என்று சூப்பர்வைசர் கத்தினார். நீயா கழற்றுவாய்? வயருக்குச் சுற்றும் டேப்பையே எடுத்து, வளையல்களைக் கையோடு சேர்த்து இறுக்கிச் சுற்றினாய். "சத்தமும் வராது, சாமி குத்தமும் வராது. எப்புடி?" என்று கண்ணடித்தாய். அப்புறம் கேன்டீனில் டம்ளர் நழுவி நழுவி விழுந்தது. "கை தூங்கிப்போச்சு புள்ள, ஒரு தாலாட்டு பாடு" என்று உதறிக்கொண்டே சிரிப்பாய். டேப்பைப் பிரித்துவிடு என்று கெஞ்சினால் உனக்குக் கன்னடம் வந்துவிடும். "ஹெதர்கோபேட" என்பாய். பயப்படாதே என்று எனக்குச் சொல்வாய். ஆனால் பயந்தது நீதான். ஒரு வளையல் குறைந்தாலும் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தாய்.

இன்று நானும் டேப்பைக் கிழித்தேன். வளையலுக்கு மேல் ஒரு சுற்றும் சுற்றிவிட்டேன். அப்போதுதான் பிரசவமான மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நீ போனில் பேசியது நினைவுக்கு வந்தது. "பொண்ணு பொறந்திருக்குது புள்ள. கன்னத்தைத் தொட்டேன். தொட்டதே தெரியல." அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசவேயில்லை. சுற்றிய டேப்பை உரித்துப் போட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் மாமியாரிடம், "வளையலைக் கழட்டணும் அத்தே" என்றேன்.

"வாயைக் கழுவு. பிள்ளை பிறக்குமுன்ன கையை மொட்டையாக்கலாமாத்தா?"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "அவ ஒண்ணைக்கூடக் கழட்டல அத்தே. போகும்போதும் அத்தனையும் கையிலதான் இருந்துச்சு."

அத்தை எழுந்து அடுக்களைக்குப் போனார். தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து தடவி, ஒவ்வொன்றாய் உருவினார். வளையல்களைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, "நீதான் பாத்துக்கணும்" என்று சாமியிடம் சண்டைபோடுகிற மாதிரி சொன்னார்.

பட்டையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். வளையல் இல்லாத கையை முந்தானைக்குள் மூடி வைத்திருக்கிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது போனில் நீ சொன்ன அந்த ஒரு பேச்சுதான். அதைச் சுமந்துகொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போவேன். என் பிள்ளையைத் தொடும்போது எனக்குத் தெரிய வேண்டும். நல்லபடியாகப் பிழைத்து வந்தால், தளிக்குப் போய் உன் பெண்ணின் கன்னத்தையும் தொட்டுப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று உனக்குச் சொல்கிறேன்.