கோபுரமும் அப்பாவின் பல்ப்புகளும்

செப். 2, செவ்வாய்
காலையில் தூறல், பின்னேரம் வானம் வெளித்தது. கோயில் கோபுரத்தை மறுபடி அளந்தாயிற்று. சனி இரவு, திருவிழாவுக்கு, புரொஜெக்டரால் அதன் மேல் என் படம் விழும். சிற்பங்கள் ஒவ்வொன்றாய் நிறம் மாறும், கடைசியில் மழை. இவ்வளவு பெரிய வேலை எனக்கு இதுதான் முதல். பயம். பக்கத்து நகரமான மிசிசாகாவிலிருந்து புரொஜெக்டர்கள் வியாழன் வரும்.
வாங்க: கறுப்புத் துணி, ஒட்டு ரேப், அப்பாவின் பிரஷர் குளிசை.

செப். 4, வியாழன்
வெயில். தலையிடி. புரொஜெக்டரோடு போய் இறங்கினால் கோபுரம் முழுக்கச் சரம் சரமாய் பல்ப்! கீழே ஏணியைப் பிடித்தபடி அப்பா. திருவிழா லைற் எப்போதும் அவர் பொறுப்பு. யாரும் சொல்லாமலே கட்டிவிட்டார்.
"லைற் ஷோ எண்டிட்டு கோபுரத்தை இருட்டில விடுறதோ? சனம் சிரிக்கும்."
"இருட்டா இருந்தாத்தான் அப்பா என்ர படம் தெரியும்."
"ஓ. அப்ப என்ர பல்ப் வேண்டாம்."
சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பல்ப் எரிந்தால் என் படம் வெளிறிவிடும். கழற்றச் சொன்னால் மனிதர் உடைந்துபோவார். கோயில் தலைவர், "நீங்களே சொல்லுங்கோ பிள்ளை" என்று நழுவினார். அவருக்கென்ன.

செப். 5, வெள்ளி
அப்பா இன்னும் கோபம்தான். ஆனால் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் பெட்டியில் கட்டி வைத்திருந்தார். கோபத்திலும் என்னைப் பட்டினி போடத் தெரியாது அவருக்கு.
முடிவு: கழற்றுவதில்லை. அணைத்தால் வயர் பெரிதாகத் தெரியாது. முதலில் பல்ப் எரியட்டும். அப்பா சுவிட்சை அணைக்க, அந்த இருட்டில் என் படம் தொடங்கும். அப்பாவிடம் சொன்னேன்.
"நானோ அணைக்கிறது?"
"ஓம், நீங்கள்தான்."
ரீவியை நிறுத்தினார். "எந்த ஷேர்ட் போட?"

செப். 6, சனி
குளிர்காற்று. கார் நிறுத்த இடமில்லை, அவ்வளவு சனம். ஷோ நன்றாக ஓடியது. படத்தில் மழை வந்தபோது சின்னப்பிள்ளைகள் கையை நீட்டினார்கள். ஆனால் அதற்கு முன் நடந்ததை எழுதிவைக்க வேண்டும்.
பல்ப்புகள் எரிந்ததும் சனம் "ஆ" என்றது. உண்மையாகவே அழகு. வோக்கி-ரோக்கியில் அப்பாவைக் கூப்பிட்டேன்.
"அப்பா, இப்ப அணையுங்கோ."
பல்ப்புகள் எரிந்துகொண்டே இருந்தன.
"அப்பா?"
"பொறு பிள்ளை. ஆக்கள் படம் எடுக்கினம்."
படத்தைத் தொடங்கச் சொல்லி, தலைவர் தூரத்திலிருந்து கையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு, போனைத் தூக்கி நானும் ஒரு படம் எடுத்தேன்.