டாக்சியில் வந்த அமைச்சர்

ஸ்கார்பி,
நவம்பர் 9

அன்புள்ள ஹெட்லி,

இங்கே எல்லாரும் நலம், என் முழங்காலைத் தவிர. மின்னஞ்சல் அனுப்பினால் உன் அலுவலகத்தில் நாலு பேர் படித்த பிறகுதான் உனக்கு வரும் என்று நீயே சொன்னாய். அதனால்தான் காகிதம்.

அமைச்சரவையை மறுபடியும் குலுக்கிப் போட்டிருக்கிறார்களே! உன்னை மீன்வளத்திலிருந்து பேருந்துகளுக்கு மாற்றியதைக் கேட்டதும் பொரித்த மீன் கடைக்கு ஓடினேன். வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "எங்க ஹெட்லி இனிமே பஸ் மந்திரி" என்றேன்.

"ஜெயில் மந்திரின்னு சொன்னியே?" என்றாள் டோரீன்.

"அது போன வருஷம். அதுக்கப்புறம் மீன்."

"மீனா? அவரா நம்ம மீனைப் பாத்துக்கிட்டாரு? அதான் விலை இப்படி ஏறிக் கெடக்கு" என்றார் கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். யாரோ வினிகர் புட்டியைக் கேட்டார்கள். பேச்சு அத்தோடு முடிந்தது. என் முகம் சிவந்து போயிற்று. ஒரு துறையில் நாற்காலி சூடாவதற்குள் உன்னை எழுப்பிவிடுகிறார்கள். ஊரார்தான் எதை ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்?

ஆனால் உன் பதவி எங்களுக்கு உதவப்போவது இதுதான் முதல் தடவை. ஒன்பதாம் எண் பேருந்தை மார்ச்சோடு நிறுத்தப் போகிறார்களாம். பக்கத்து வீட்டு நோர்மாவின் கணவர் சிரில், வெய்ன்பரோ ஊரில் உள்ள முதியோர் இல்லத்தில் இருக்கிறார். நினைவு கலங்கிவிட்டது. தினமும் இவள் போய் ஊட்டினால்தான் சாப்பிடுகிறார். அந்தப் பேருந்தை விட்டால் அவளுக்கு வேறு வழியில்லை.

ஊர் மன்றம் புதிதாகப் பேருந்து நிழற்குடை கட்டுகிறது. நீ வந்து திறந்து வைக்க வேண்டும். மாட்டேன் என்று சொல்லாதே.

உன் அக்கா,
பெரில்

லண்டன்,
நவம்பர் 20

அன்புள்ள அக்கா,

நிழற்குடை திறக்கிற அளவுக்கு உயர்ந்துவிட்டேன் என்று என் மனைவி கேலி செய்கிறாள். வருகிறேன். பிப்ரவரி 28, வெள்ளிக்கிழமை, பகல் பன்னிரண்டு மணி. இந்தத் துறையில் யார் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதே எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒன்பதாம் எண்ணைப் பற்றிக் கேட்டு வைக்கிறேன். முழங்காலை மருத்துவரிடம் காட்டு.

அன்புத் தம்பி,
ஹெட்லி

ஸ்கார்பி,
மார்ச் 2

அன்புள்ள ஹெட்லி,

வெள்ளிக்கிழமையிலிருந்து எனக்குக் கால் தரையில் படவில்லை. அரசாங்கக் கார் வரும் என்று போலீஸ்காரர் வேறு நின்றிருந்தார். நீ சாதாரண டாக்சியில் வந்து இறங்கினாய்! "பந்தா இல்லாத மனுஷன்யா" என்று டோரீனே சொல்லிவிட்டாள். நீ ஏனோ கொஞ்சம் வெளுத்திருந்தாய். குளிர் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்வெட்டுத் திரையை நீ விலக்கியதை விட, அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பெரிது. நோர்மா உன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "பஸ் நின்னுடுமா தம்பி?" என்று கேட்டாளே. "நிக்காதும்மா. அதை என்கிட்ட விட்டுடுங்க" என்றாய் நீ. எல்லாரும் கை தட்டினார்கள். நான் அழுதுவிட்டேன்.

ஒரு நல்ல செய்தி. சிரில் இருக்கும் இல்லத்துக்கு எதிரிலேயே நோர்மாவுக்கு நகராட்சி ஒரு சின்ன வீடு ஒதுக்கியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். வேண்டாம் என்றால் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டியதுதான். அவள் ஒரு வாரமாகத் தடுமாறினாள். "என் தம்பியே சொல்லிட்டான், அப்புறம் என்ன? எங்கயும் போகாதே" என்றேன். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

பெருமையோடு,
பெரில்

ஸ்கார்பி,
ஏப்ரல் 19

ஹெட்லி,

என் மூன்று கடிதங்களுக்குப் பதில் இல்லை. கைபேசியை எடுக்கவும் மாட்டேன் என்கிறாய். ஏப்ரல் முதல் தேதியிலிருந்து ஒன்பதாம் எண் வருவதில்லை. முதல் வாரம் முழுவதும் நோர்மா அந்த நிழற்குடையில் போய் உட்கார்ந்திருந்தாள். "உன் தம்பிக்கு இன்னும் தகவல் போயிருக்காது, அதான்" என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

நேற்று உன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒரு பெண் எடுத்தாள்.

"மினிஸ்டர்கிட்ட குடும்மா. நான் அவரோட அக்கா."

"அவர் இங்க இல்லீங்களே. போயி ரொம்ப நாளாச்சு."

"எப்போ?"

"பிப்ரவரி இருபத்தெட்டு. காலைலயே."

"இப்ப யாரு அந்த எடத்துல?"

"ஒரு நிமிஷம் இருங்க" என்று பக்கத்தில் யாரையோ கேட்டாள். "அவருக்குப் பதிலா வந்தவரும் போன வாரம் மாறிட்டாருங்க. புதுசா வந்தவங்க பேரு... இருங்க, எழுதி வச்சிருக்கேன்."

பேரைக் கேட்காமலே வைத்துவிட்டேன்.

காலையில் உன் பதவி போயிற்று. பகலில் வந்து எங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறாய். ஏழு வாரமாக எனக்கு அது தெரியவில்லை. ஊரில் யாருக்குமே தெரியவில்லை. டோரீனைச் சொல்லி என்ன பயன்? உன் பதவி போனதைக் கூடப்பிறந்த நானே கவனிக்கவில்லையே! எதைச் சொல்லிக்கொண்டு நோர்மா வீட்டுக் கதவைத் தட்டுவேன்?

பெரில்

லண்டன்,
ஏப்ரல் 24

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை மேசை மேல் வைக்கக்கூடத் துணிவில்லாமல் கோட்டுப் பைக்குள்ளேயே வைத்திருந்தேன்.

அன்றைக்கு ரயில் பீட்டர்பரோவைத் தாண்டும்போது அழைப்பு வந்தது. பிரதமர் இரண்டு நிமிடம் நன்றி சொன்னார். என்னைப் பதவியிலிருந்து ஏன் எடுத்தார் என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிலையத்தில் எனக்காக நிற்க வேண்டிய காரை அதற்குள் திருப்பி அழைத்துவிட்டார்கள். டாக்சிக்காரர், "என்ன வேலை பாக்கறீங்க சார்?" என்றார். "பஸ் சம்பந்தமா" என்று சொன்னேன்.

உங்களிடம் சொல்லத்தான் வந்தேன். யாராவது ஒருவர் முகத்தில் அந்தச் செய்தி தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன். நீ புதுத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றாய். இன்னும் ஒரு மணி நேரம் அமைச்சராக இருந்துவிட்டுப் போகலாமே என்று தோன்றிவிட்டது. நோர்மா கையைப் பிடித்தபோது, அமைச்சர் பேசுகிற மாதிரியே வாயில் வந்துவிட்டது. ராத்திரி செய்தியில் எப்படியும் வரும், நாளைக்கு எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். செய்தியில் வரவும் செய்தது, அக்கா. அதை யாரும் பார்க்கவில்லை.

நோர்மா வீட்டை விட்டுக்கொடுத்தாள் என்று நீ எழுதியதைப் படித்தவுடன் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டையாவது திரும்பக் கேட்டிருக்கலாம். அவமானத்தில் ஒரு நாள் தள்ளினேன். அப்புறம் அந்த ஒரு நாளை எப்படி விளக்குவது என்று இன்னொரு நாள் தள்ளினேன்.

நோர்மாவிடம் நடந்ததைச் சொல்லிவிடு. அப்போது நான் அமைச்சரே இல்லை, அந்தச் சொல்லுக்கு அதிகாரம் எதுவும் கிடையாது என்று புரியவை. மே 3, சனிக்கிழமை வந்து நானே மன்னிப்புக் கேட்கிறேன்.

தலைகுனிந்த தம்பி,
ஹெட்லி

ஸ்கார்பி,
ஏப்ரல் 29

ஹெட்லி,

சொல்லிவிட்டேன்.

அந்த வீட்டில் வேறொரு அம்மாள் குடியேறிவிட்டார். நோர்மா இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் டோரீனின் மருமகன் காரில் போய் வருகிறாள். போன ஞாயிறு அவள் போய்ச் சேர்வதற்குள் அங்கே வேலை செய்கிற பெண் ஒருத்தி சிரிலுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பெண்ணை "நோர்மா, நோர்மா" என்று கூப்பிட்டபடியே சமர்த்தாகச் சாப்பிட்டாராம். "சாப்பிட்டாரே, அது போதும்" என்றாள் இவள். பிறகு கைப்பையைத் திறந்து வெகுநேரம் எதையோ தேடினாள்.

நீ சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னேன். அன்றைக்கு நீ அமைச்சர் இல்லை, காலையிலேயே பதவி போய்விட்டது, உன் வாக்குக்கு அதிகாரம் இல்லை, எல்லாம். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அவர் மந்திரின்னா நான் நம்புனேன்? அவங்கதான் மாசத்துக்கு ஒருத்தர் வர்றாங்களே, அவங்க பேச்சை யாரு நம்புவா? பெரிலோட தம்பி சொல்றாருன்னுதான் நம்புனேன்."

உனக்குப் பதவி போயிருக்கலாம். என் தம்பி என்கிற வேலையிலிருந்து அன்றைக்கு உன்னை யார் நீக்கினார்கள்?

என்னுடையதையும் எழுதிவிடுகிறேன். அந்த வீடு வேண்டாம் என்று அவளை நான் தடுத்தது உன் வாக்கை நம்பி மட்டும் இல்லை. அவள் போய்விட்டால் சாயங்காலம் நான் யாரோடு உட்கார்ந்து பேசுவது என்று நினைத்தேன். அதையும் அவளிடம் சொன்னேன். "தெரியும் பெரில்" என்றாள்.

நீ சனிக்கிழமை வருகிறாய் என்றதும் அவள், "வேலை போன மனுஷன், பாவம், நல்லாச் சாப்பிடக்கூட மாட்டாரு" என்று சொல்லி இறைச்சிக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். உனக்காக ஆட்டிறைச்சி வறுக்கப் போகிறாளாம், புதினாச் சாறோடு.

வராமல் இருந்துவிடாதே. வந்து அவள் மேசையில் உட்கார்ந்து, அவள் பரிமாறுவதை மிச்சம் வைக்காமல் சாப்பிடு. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எனக்கும் அது வேண்டியதுதான்.

பெரில்